கிதார் அலறுகிறது, அண்டை வீடு தூங்குகிறது

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறையில், நள்ளிரவில், யாரையும் எழுப்பாமல் ராக் இசை பதிவாகிறது.

மும்பை தோபி தலாவ் பகுதியில் உள்ள ரங் பவன் ஒரு காலத்தில் இந்திய ராக் இசையின் கோவில். கூரையில்லாத அரங்கம். ஜாஸ் யாத்ரா, 1986-ல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் போன்ற விழாக்கள் அங்கே களைகட்டின. ஒரு பக்கம் செயின்ட் சேவியர் கல்லூரி, கூப்பிடு தூரத்தில் மருத்துவமனைகள். 2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலம் என்றன அந்த விதிகள். அடுத்த சில ஆண்டுகளிலேயே ரங் பவனில் கிதார் அடங்கிப்போனது.

அதே விதிகள் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45 டெசிபல். அதற்கு மேல் போகக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டத்தைவிட வேகமாகச் செயல்படுபவர் பக்கத்து வீட்டுக்காரர்.

இவ்வளவுக்கும் பிறகு எலெக்ட்ரிக் கிதார் இந்தியாவில் செத்துப்போய்விடவில்லை. முன்னெப்போதையும்விட மூர்க்கமான மெட்டல் இசை இங்கே உருவாகிறது. ஆனால் அதில் கணிசமான பகுதி பதிவாகும் அறையில் போய் நின்றால் காதில் விழுவது, கம்பியைப் பிளெக்ட்ரம் உரசும் 'டிக் டிக்' ஓசை மட்டும்தான். மீதி அமர்க்களம் எல்லாம் ஹெட்போனுக்குள் நடக்கிறது.

சத்தம் எதற்கு?

எலெக்ட்ரிக் கிதாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. வீணைக்குக் குடம் உண்டு, சாதாரண கிதாருக்கு வயிறு உண்டு. இது வெறும் மரப்பலகை. கம்பியின் அதிர்வை பிக்கப் என்ற காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஸ்பீக்கர் அதற்குக் குரல் கொடுக்கிறது. ஆகவே ஆம்ப் என்பது வாத்தியத்தோடு இணைக்கும் உபகரணம் அல்ல. அது வாத்தியத்தின் பாதி.

இந்தப் பாதிக்கு ஒரு கெட்ட பழக்கம். பழைய வால்வு ஆம்ப் தன் சக்திக்கு மேல் உழைக்கும்போதுதான் அழகாகப் பாடும். ஒலி அலையின் உச்சி நசுங்கி, கரகரப்பு ஏறி, ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும். டிஸ்டார்ஷன் என்று எஞ்சினியர்கள் வெறுத்த அந்தக் குறைதான் ராக் இசையின் உயிர். அந்தக் கரகரப்புக்காக 1964-ல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கிழித்தார். லண்டனில் 1962-ல் ஆம்ப் தயாரிக்கத் தொடங்கிய ஜிம் மார்ஷல், சில ஆண்டுகளில் 100 வாட் ஆம்புக்கும் ஆள் உயர ஸ்பீக்கர் அடுக்குக்கும் வந்து சேர்ந்தார். அந்தக் கருவியை வியர்க்க வைக்க வேண்டுமென்றால் அரங்கமே அதிர வேண்டும்.

சின்ன ஆம்ப் வாங்கினால் தீராதா? இங்கேதான் கணக்கு காலை வாருகிறது. கிதாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 100 டெசிபல் வரும். 100 வாட் கொடுத்தால் 120. அதாவது சக்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் குறைவது 10 டெசிபல்தான். காதுக்கு அது பாதிச் சத்தமாகத்தான் தெரியும். ஒரே ஒரு வாட்டில் வாசித்தாலும், சுவர் எவ்வளவு தடுத்தாலும், 45 டெசிபல் எங்கே, 100 டெசிபல் எங்கே? சத்தத்தைக் குறைக்கக் குமிழைத் திருகினாலோ வால்வு சோம்பிவிடுகிறது, குரல் செத்துவிடுகிறது.

எனவே ஆம்பை அலமாரிக்குள் வைத்துப் போர்வை போர்த்துவது, மெத்தைகளைச் சுற்றி அடுக்குவது, குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துவது என்று உலகெங்கும் பல வித்தைகள் நடந்தன. நம் ஊர் மே மாதத்தில் ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, மெத்தைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது கலைக்கான தியாகம் என்றே சொல்ல வேண்டும்.

நிலவறை எஞ்சினியர்

விடை தேடியவர்களில் முக்கியமானவர், வாசிப்பிலும் வயரிங்கிலும் ஒரே அளவு தேர்ந்தவர். டாம் ஷோல்ஸ் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். போலராய்ட் கேமரா கம்பெனியில் வேலை. வீட்டின் நிலவறையில் அவர் பொறுமையாகப் பதிவு செய்தவைதான் 1976-ல் வெளிவந்த பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் 1980-ல் சொந்தக் கம்பெனி. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து உபரி சக்தியைச் சூடாக மாற்றி விழுங்கும் 'பவர் சோக்' வந்தது. 1982-ல் 'ராக்மேன்'. வாக்மேன் அளவுள்ள பெட்டி. கிதாரைச் செருகி ஹெட்போனை மாட்டினால், பெரிய அரங்கில் நின்று வாசிக்கும் உணர்வு. இது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்களை டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' வாயடைத்தது. 1987-ல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் கிதார்கள் பெரும்பாலும் ராக்மேன் வழியாகப் பதிவானவை.

1989-ல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பார்ட்டா 'சான்ஸ்ஆம்ப்' என்ற பெடலை உருவாக்கினார். பெயருக்கே 'ஆம்ப் இல்லாமல்' என்றுதான் பொருள். பிறகு கணிப்பொறி நுழைந்தது. 1998-ல் லைன் 6 கம்பெனி விற்ற 'பாட்', சிவப்பு நிறத்தில் அவரைக்கொட்டை வடிவில் இருந்தது. புகழ்பெற்ற ஆம்புகளின் மின்சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட்டு நடித்துக் காட்டியது. 2002-ல் இத்தாலியின் 'ஆம்ப்ளிட்யூப்', 2004-ல் ஜெர்மனியின் 'கிதார் ரிக்' வந்தபோது பெட்டிகூடத் தேவையில்லாமல் போனது. கம்ப்யூட்டரே ஆம்ப்.

பெட்டியின் ரகசியம்

ஆரம்ப கால இளைஞர்கள் பலர் இந்த சாஃப்ட்வேரில் வாசித்துப் பார்த்து முகம் சுளித்தார்கள். தகர டப்பாவில் குளவி அகப்பட்டதுபோல் ஒலிக்கிறது என்பது புகார். பழி ஆம்ப் நடிப்பின் மீது விழுந்தது. உண்மையான குற்றவாளி வேறு இடத்தில் இருந்தது: ஸ்பீக்கர் பெட்டி.

பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் நேர்மையாகத் தர முயலும். கிதார் ஸ்பீக்கர் அப்படி அல்ல. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையான ஒலிகளை அது பெரும்பாலும் முழுங்கிவிடுகிறது. வால்வு உற்பத்தி செய்யும் கரகரப்பில் காதைக் குத்தும் பகுதி அங்கேதான் வடிகட்டப்படுகிறது. பெட்டியின் மரம் அடித்தொண்டையைக் கனமாக்குகிறது. முன்னால் வைக்கும் மைக் தன் பங்குக்குக் கை வைக்கிறது. 1965 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்.எம். 57-ஐ ஸ்பீக்கரின் நடுவில் காட்டினால் ஒலி கூராகவும், விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் மந்தமாகவும் மாறும். நாம் ரிக்கார்டில் கேட்டு மயங்கும் 'கிதார் ஒலி' ஆம்புடையது மட்டும் அல்ல. இந்த மூன்றும் சேர்ந்தது. பெட்டியை விட்டுவிட்டு ஆம்பை மட்டும் நகலெடுத்தால் குளவிதான் மிஞ்சும்.

நல்ல வேளையாக, பெட்டியை நகலெடுப்பது சுலபம். வால்வு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒவ்வொரு விதமாகக் கோணுகிறது. மெல்லத் தொட்டால் ஒரு குணம், ஓங்கி அடித்தால் வேறு குணம். ஸ்பீக்கர் பெட்டியோ ஏறக்குறைய எல்லாச் சமயத்திலும் ஒரே மாதிரி வடிகட்டுகிறது. அதனால் ஒரு புகைப்படம் போதும். பெட்டி வழியாக ஒரு சோதனை ஒலியை அனுப்பி, மைக்கில் பதிவு செய்து, கணக்கு மூலம் பிரித்தெடுத்தால் கிடைப்பது ஒரு நொடியில் சிறு பகுதியே நீளமுள்ள ஒரு ஃபைல். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். கிதார் ஒலியை அதன் வழியாகச் செலுத்தினால், அந்தப் பெட்டிக்கு முன்னால், அந்த மைக்குக்கு, அந்த இடத்தில் கேட்டிருக்கக்கூடிய ஒலி வந்துவிடுகிறது. இலவசமாகவும் விலைக்கும் இந்த ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. எந்த ஆம்ப் மாடல் நல்லது என்று இரவு பகலாக விவாதிப்பவர்கள் அந்த நேரத்தில் இந்த ஃபைலை மாற்றிப் பார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ஆம்பை நகலெடுக்கும் கலையும் தூங்கவில்லை. 2011-ல் வந்த ஜெர்மனியின் 'கெம்பர்', உங்கள் சொந்த ஆம்புக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி அதன் குணத்தை உள்வாங்கிக்கொண்டது. இப்போது அந்த வேலையைச் செயற்கை நரம்பு வலைகள் செய்கின்றன. 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற சாஃப்ட்வேர் இலவசம். சில நிமிட ஒலியை ஆம்ப் வழியாக அனுப்பிப் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு ஆம்பின் சுபாவத்தைக் கற்றுக்கொள்கிறது. ஒரு காலத்தில் லண்டனுக்குப் போனால்தான் தொட்டுப் பார்க்க முடிந்த ஆம்ப், இன்று ஐஸ்வாலிலும் பிலாயிலும் ஒரு ஃபைலாக வந்து இறங்குகிறது.

டெல்லியின் படுக்கையறைகள்

வீட்டையே ஸ்டுடியோ ஆக்குவது இந்தியாவுக்குப் புதிதல்ல. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் தன் வீட்டுப் பின்புறத்தில் கட்டிய ஸ்டுடியோவிலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' வந்தது. ஆனால் அது முறையாகக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடம். கட்டில், பீரோ, மேஜை என்று இருக்கும் அறையை அப்படியே வைத்துக்கொண்டு உலகத் தரத்தில் கிதார் பதிவு செய்ய முடியும் என்று காட்டியது அடுத்த தலைமுறை.

அமெரிக்காவில் மிஷா மன்சூர் என்ற இளைஞர் வீட்டில் 'பாட்' கருவியோடு பதிவு செய்து இணையத்தில் போட்ட துண்டுகள், பின்னாளில் பெரிஃபெரி என்ற குழுவாக வளர்ந்தன. அதே காலத்தில் டெல்லியில் கேசவ் தர் வீட்டில் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். குழு கிடையாது; பாடகர்கூடக் கிடையாது. இணையம் வழியாக இங்கிலாந்தின் டேனியல் டாம்ப்கின்ஸ் பாடச் சேர்ந்துகொண்டார். மெகாடெத் குழுவின் முன்னாள் கிதார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மன் விருந்தாளியாக வாசித்தார். 'ஸ்கைஹார்பர்' என்ற பெயரில் 2012-ல் அந்த ஆல்பத்தை வெளியிட்டது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி.

அதே டெல்லியிலிருந்து பிளட்டிவுட். வக்கீல் வேலையை விட்ட கரண் கடியாரும் நண்பர்களும் இணையத்தில் பாட்டுகள் வெளியிட்டே ரசிகர்களைச் சேர்த்தார்கள். 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை. 2022-ல் 'ரக்ஷக்' ஆல்பத்தைத் தாங்களே தயாரித்து வெளியிட்டார்கள். மணிக்கணக்கில் வாடகை கேட்கும் ஸ்டுடியோவும், அதற்குப் பணம் கொடுக்கும் கம்பெனியும் வாசலை மறித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது என்பதற்கு இவர்களைவிடச் சான்று வேண்டாம்.

மின்விசிறி சுழலட்டும்

தேவையான சாமான்கள் குறைவு. கிதார், ஓரளவு வேகமான கம்ப்யூட்டர், ஹெட்போன், இவற்றுக்கு நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியில் கிதாருக்கென்று தனித் துளை, அல்லது 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறித்த பட்டன் இருக்கும். அதை விட்டுவிட்டு மற்றதில் செருகினால், கிதார் கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாக ஒலிக்கும். விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கியும் பலன் இல்லை என்று புலம்புபவர்களில் சிலருக்கு இந்தப் பட்டன்தான் மருந்து.

வாசித்த கணத்துக்கும் காதில் விழும் கணத்துக்கும் இடையிலான தாமதம் பலரைப் பயமுறுத்துகிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகிறது. மேடையில் ஆம்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் 9 மில்லி நொடித் தாமதத்தோடுதான் வாசிக்கிறார். யாரும் புகார் சொன்னதில்லை. நன்றாக அமைத்த கம்ப்யூட்டர் அந்த அளவுக்குள் பதில் சொல்லிவிடும்.

மைக் இல்லை என்பதால் ஒரு பெரிய சௌகரியம். குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரரின் குரல், மாடியில் நாற்காலி இழுக்கும் ஓசை, எதுவும் பதிவில் ஏறாது. மின்விசிறி தாராளமாகச் சுழலலாம். ஆனால் அதன் ரெகுலேட்டர் வேறு கதை. இந்திய வீட்டில் கிதார் பதிவு செய்பவரின் உண்மையான எதிரி சத்தம் அல்ல, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிக்கப் ஒரு நல்ல ஆன்டெனா. விசிறி ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், மலிவான மொபைல் சார்ஜர், மின்தடையின்போது விழித்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் என்று எல்லாம் அதில் வந்து பாடும். டிஸ்டார்ஷன் அந்த முணுமுணுப்பைக் கூச்சலாக மாற்றும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பெரிய கோளாறு இல்லை. உடம்பு பொறுக்கிய இரைச்சல் வடிந்துவிடுகிறது. தொடும்போது விரல் சுரீரென்றால் விஷயம் வேறு. சுவரில் மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாக அர்த்தம் இல்லை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை எதோடும் இணையாமல் அலங்காரமாக இருப்பதுண்டு. அங்கே வாசிப்பை நிறுத்தி எலெக்ட்ரீஷியனை அழைப்பதுதான் வழி. இரைச்சலை ஒழிக்கிறேன் என்று எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாட்டு. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் வாசித்துப் பார்த்தால், குற்றவாளி சார்ஜரா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உட்காரும் திசையைச் சற்றுத் திருப்பினாலே இரைச்சல் பாதியாகும் அறைகளும் உண்டு.

பதிவிலும் சில சூட்சுமங்கள். தனியாக வாசிக்கும்போது பிரம்மாண்டமாகத் தோன்றும் டிஸ்டார்ஷன், டிரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் சேறாகிவிடும். குமிழைக் குறைத்து, அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் வலமாகப் பிரித்து வைத்தால் கனம் தானே வரும். ஒரே வாசிப்பை நகலெடுத்து ஒட்டினால் வராது. காதும் ஏமாற்றும். சத்தம் குறையும்போது அடித்தொனியும் உச்சத் தொனியும் காதுக்கு மங்கிவிடும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்னார்கள். நள்ளிரவில் மெல்லிய சத்தத்தில் பாஸைக் கூட்டி அமைத்த கிதார், மறுநாள் நண்பரின் கார் ஸ்டீரியோவில் பானைக்குள் பேசுவதுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் திருத்த வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிவாவது ஆம்ப் ஏறாத வெறும் கிதார் ஒலி. ஆம்பையும் பெட்டியையும் மறுநாளோ மறுவருடமோ மாற்றிக்கொள்ளலாம். மறுபடி வாசிக்க வேண்டாம்.

காற்று அசையவில்லை

இழப்பே இல்லையா? உண்டு. உரத்த ஆம்பின் முன்னால் நிற்கும்போது ஸ்பீக்கரின் காற்று திரும்பவும் கம்பியை அசைக்கிறது. ஸ்வரம் அடங்காமல் தானே எழும்பிப் பாடுகிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிப்பின் உயிர்நாடி இந்த ஃபீட்பேக். ஹெட்போனில் வாசிக்கும்போது கம்பிக்கு அந்தத் தூண்டுதல் கிடைப்பதில்லை. அதை நடிக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் வாசிப்பவரின் உடம்போடு போராடும் மிருகமாக அது இருப்பதில்லை.

பெரிய இழப்பு வேறு. நாலு பேர் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது குறைந்துவருகிறது. தனியாக, திருத்தித் திருத்தி, குறையில்லாமல் பதிவு செய்யப் பழகியவர் முதல்முறை டிரம்மருக்குப் பக்கத்தில் நிற்கும்போது தடுமாறுவது இயல்பு. மேடையில் ஒரு தப்புக்கு மறு வாய்ப்பு கிடையாது.

காதுக்கும் ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மிச்சமான சத்தம் வாசிப்பவரின் காதுக்குள் போகலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலை எல்லையாக வைக்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். மெட்டல் வாசிக்கும் உற்சாகத்தில் குமிழ் மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்வதை வாசிப்பவரே கவனிப்பதில்லை.

இத்தனை சாதித்த தொழில்நுட்பம் ஒரே ஒரு விஷயத்தில் கைவிரித்துவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நள்ளிரவில், தன்னை மறந்து வாசிக்கும் இளைஞர் காலால் தாளம் தட்டுவார். அந்தத் தட்டல் கான்கிரீட் தளம் வழியாக நேராகக் கீழ் வீட்டின் கூரைக்குப் போகும். அதற்கு இதுவரை உள்ள ஒரே கருவி, காலடியில் நாலாக மடித்துப் போட்ட ஜமக்காளம்.